ஆண்ட்ராய்டா, ஐபோனா: தளம் மாறும் முன் போட வேண்டிய கணக்கு

என் அண்ணி வீட்டிலிருந்தபடியே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். தோள், கைச்சுற்று, முன்கழுத்து இறக்கம் என்று ஒவ்வொரு வாடிக்கையாளரின் அளவையும் அவரவருடைய வாட்ஸ்அப் உரையாடலிலேயே எழுதி வைப்பது அவருடைய வழக்கம். துணியின் படமும் மாதிரியின் படமும் அங்கேயே இருக்கும். தீபாவளிக்குச் சில வாரங்கள் இருந்தபோது அண்ணன் மகன் அவருக்கு ஓர் ஐபோன் வாங்கிக் கொடுத்தான். கடையிலேயே சிம்மை மாற்றி, கணக்கைத் தொடங்கி, வாட்ஸ்அப்பையும் நிறுவிக் கையில் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் உரையாடல் பட்டியல் வெறுமையாக இருந்தது. ஆறு ஆண்டுகளாகச் சேர்த்த அளவுகள் அனைத்தும் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இருந்தன.

அவை அழிந்துவிடவில்லை. ஆனால் அவற்றைக் கொண்டுவருவதற்கு, புதிய ஐபோனைத் தொடக்க நிலைக்கு அழித்து, சிம்மைப் பழைய கைப்பேசிக்குள் திரும்பப் போட்டு, எண்ணை அங்கே மறுபடி சரிபார்த்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இரவு ஒன்பதரைக்கு இரண்டு கைப்பேசிகளையும் சார்ஜரில் செருகி உணவு மேசையில் வைத்தோம்; பன்னிரண்டு மணிக்குத்தான் அளவுகள் வந்து சேர்ந்தன.

தளம் மாறலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் கேமராவையும் விலையையும் ஒப்பிட்டுக்கொண்டு வருகிறார்கள். நான் முதலில் கேட்பது வேறொன்று: உங்கள் அன்றாடம் எந்தச் செயலிக்குள் இருக்கிறது, அது வெளியே வருமா? இரண்டு தளங்களும் இன்று நல்லவையே. மாறுவதற்கு ஆகும் செலவில் பெரும்பகுதி கைப்பேசியின் விலைச்சீட்டில் எழுதப்பட்டிருப்பதில்லை என்பதால், அதை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்வதற்காகவே இந்தக் கட்டுரை.

## எவற்றைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோல், ஏற்கெனவே சேர்ந்திருக்கும் தரவு: உரையாடல்கள், படங்கள், குறிப்புகள், கடவுச்சொற்கள். இரண்டாவது, பணப் பரிமாற்றம். யுபிஐ இல்லாமல் ஒரு நாளைக் கழிப்பது பலருக்கு இயலாது என்பதால், இதைத் தனியாகவே பார்க்க வேண்டும். மூன்றாவது, தமிழில் எழுதும் வசதி. நான்காவது, கைப்பேசிக்கு எத்தனை ஆண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பு வரும் என்பது. ஐந்தாவது, வாங்கிய விலையோடு நின்றுவிடாமல் சந்தா, மின்கல மாற்றம், மறுவிற்பனை எல்லாவற்றையும் சேர்த்த மொத்தச் செலவு. கடைசியாக, சுற்றியுள்ளவர்களும் சுற்றியுள்ள பொருள்களும்: வீட்டில் மற்றவர்கள் எதை வைத்திருக்கிறார்கள், கையில் கட்டியிருக்கும் கடிகாரம் எதனோடு பேசும் என்பவை.

கேமராவை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஒரே விலையில் உள்ள இரண்டு கைப்பேசிகளின் படங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு ஒரு வாரத்தில் பழகிவிடும். தொலைந்துபோன உரையாடல் அப்படிப் பழகுவதில்லை.

| அளவுகோல் | ஐபோனுக்கு மாறினால் | ஆண்ட்ராய்டுக்கு மாறினால் | இருக்கும் தளத்திலேயே புதிது வாங்கினால் |
|---|---|---|---|
| வாட்ஸ்அப் உரையாடல்கள் | புதிய கைப்பேசியை முதன்முறை அமைக்கும்போது, ஆப்பிளின் மாற்றச் செயலி வழியாக | முதன்முறை அமைக்கும்போது, பெரும்பாலும் கேபிள் வழியாக | மேகத்தில் (இணையச் சேமிப்பில்) உள்ள காப்புப்பிரதியிலிருந்து எளிதாக |
| யுபிஐ | மறுபதிவு. பல வங்கிகளில் 72 மணி நேர வரம்பு | மறுபதிவு. பல வங்கிகளில் 24 மணி நேர வரம்பு | மறுபதிவு. தளத்துக்கு உரிய அதே வரம்பு |
| இரண்டு சிம் | இந்தியாவில் பெரும்பாலும் ஒரு சிம் அட்டை, ஓர் ஈ-சிம் (கைப்பேசிக்குள்ளேயே பதிவாகும், அட்டையில்லாத சிம்) | பெரும்பாலும் இரண்டு சிம் அட்டைகள் | மாற்றம் குறைவு |
| கட்டணமில்லா மேகச் சேமிப்பு | 5 ஜிபி | 15 ஜிபி | இருப்பது தொடரும் |
| விலைக்கு வாங்கிய செயலிகள் | மீண்டும் வாங்க வேண்டும் | மீண்டும் வாங்க வேண்டும் | தொடரும் |
| திறன் கடிகாரம் | சாம்சங் கேலக்ஸி வாட்ச் 4-உம் அதற்குப் பிந்தியவையும் இணையா | ஆப்பிள் வாட்ச் இணையாது | பெரும்பாலும் தொடரும் |

## ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு

ஆப்பிள் 2015-இல் வெளியிட்ட ‘மூவ் டு ஐஓஎஸ்’ என்ற செயலியை ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நிறுவிக்கொண்டால் தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள், படங்கள், நாட்காட்டி ஆகியவை புதிய ஐபோனுக்கு வந்து சேரும். 2022 முதல் வாட்ஸ்அப் உரையாடல்களும் இதே வழியில் வருகின்றன. அதற்கு முன்பு, தளம் மாறிய பலர் தங்கள் பழைய உரையாடல்களைக் கைவிட்டுத்தான் போனார்கள். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பின் காப்புப்பிரதி கூகுள் கணக்கில் சேமிக்கப்படுகிறது, ஐபோனில் ஆப்பிளின் மேகச் சேமிப்பான ஐகிளவுடில். ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் திறக்க முடியாது. எனவே ‘பேக்கப் இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற நம்பிக்கை தளம் மாறும்போது உதவாது. ஐபோன் புதிதாகவோ முழுவதும் அழிக்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும், இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும், பரிமாற்றம் முடியும் வரை பழைய கைப்பேசியில் அந்தச் செயலியே திரையில் இருக்க வேண்டும். கடையில் எவ்வளவு அன்போடு சொன்னாலும், பெட்டியைத் திறந்து அமைத்துத் தர அனுமதிக்காதீர்கள்.

இதற்கு நேர்மாறாக, டெலிகிராம் உரையாடல்கள் எந்தக் கைப்பேசியில் நுழைந்தாலும் அப்படியே இருக்கும். அவை நிறுவனத்தின் சேவையகத்தில் இருப்பதே அதற்குக் காரணம். அந்த வசதிக்கு ஒரு விலையும் உண்டு: வாட்ஸ்அப்பில் உள்ளதுபோல் முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய பூட்டு) டெலிகிராமின் வழக்கமான உரையாடல்களுக்குக் கிடையாது. எளிதாக இடம் மாறுவதும் இறுக்கமாகப் பூட்டியிருப்பதும் ஒன்றோடொன்று முரண்படும் இடம் இது. எதை எங்கே பேசுவது என்பதை அவரவர்தாம் முடிவு செய்ய வேண்டும்.

பணத்துக்கு வருவோம். யுபிஐ செயலி, உங்கள் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தியை அனுப்பித்தான் உங்கள் எண்ணை அந்தக் கருவியோடு பிணைக்கிறது. ஆண்ட்ராய்டில் அனுமதி கொடுத்தால் செயலியே அதை அனுப்பிவிடும். ஐபோனில் எந்தச் செயலியும் தானாகக் குறுஞ்செய்தி அனுப்ப முடியாது; விளங்காத எழுத்துக் கோவை நிரம்பிய ஒரு செய்திப் பக்கம் திறக்கும், அதில் ஓர் எழுத்தையும் தொடாமல் அனுப்பும் பொத்தானை நாமே அழுத்த வேண்டும். இரண்டு எண்கள் உள்ளவர்கள், வங்கியில் பதிவான எண்ணிலிருந்துதான் அந்தச் செய்தி போகிறதா என்பதை மேலே பார்த்து உறுதிசெய்ய வேண்டும். மீண்டும் மீண்டும் பதிவு தோற்கிறது என்று சொல்பவர்களிடம் நான் கண்ட பிழை பெரும்பாலும் இதுதான், அல்லது குறுஞ்செய்தி வசதி இல்லாத ரீசார்ஜ் திட்டம்.

பதிவு முடிந்த பிறகும் ஒரு காத்திருப்பு உண்டு. கருவி மாறியதும் ஆண்ட்ராய்டில் முதல் 24 மணி நேரத்துக்கும், ஐபோனில் முதல் 72 மணி நேரத்துக்கும் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாதபடி பல வங்கிகள் வரம்பு வைத்திருக்கின்றன. களவு போன எண்ணைக் கொண்டு பணத்தைச் சுருட்டுவதைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு இது; ஆனால் முன்கூட்டித் தெரியாவிட்டால் கடையில் தலைகுனிய வைக்கும். அண்ணி மறுநாளே லைனிங் துணி வாங்கப் போய், 8,200 ரூபாய்க்கான பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கல்லா முன் நின்றார். கணக்கில் பணம் இருந்தும் செயலி மறுத்தது. அண்ணன் ரொக்கத்தோடு போய்ச் சேரும் வரை துணிக்கட்டு அங்கேயே கிடந்தது. பள்ளிக் கட்டணம், வாடகை, மருத்துவமனைச் செலவு ஏதேனும் எதிரில் இருந்தால், அது முடிந்த பிறகு மாறுங்கள்.

இரண்டு சிம் அட்டைகள் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. இந்தியாவில் விற்கப்படும் ஐபோன்களில் பெரும்பாலும் ஒரே ஓர் அட்டைக்குத்தான் இடம் இருக்கும். இரண்டாவது எண்ணை ஈ-சிம்மாக மாற்ற வேண்டும். மெலிந்த வடிவில் வந்த ஐபோன் ஏர் என்ற வகையிலோ அட்டைக்கே இடம் இல்லை. ஈ-சிம் நல்ல தொழில்நுட்பம்தான். எனினும் கைப்பேசி பழுதாகிவிட்டால், சிம்மைக் கழற்றி வீட்டில் கிடக்கும் பழைய கைப்பேசியில் போட்டு ஓடிபி வாங்கிக்கொள்ளும் வழி அடைபட்டுவிடும். வங்கியில் பதிவான எண்ணை அட்டையாகவே வைத்துக்கொண்டு, மற்ற எண்ணை ஈ-சிம்மாக்குவதே என் பரிந்துரை.

தமிழில் எழுதுவதைப் பொறுத்தவரை ஐபோன் பின்தங்கியதன்று. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘அஞ்சல்’ என்ற விசைப்பலகை முறையும், 1999-இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 முறையும் 2013-இல் வந்த ஐஓஎஸ் 7 (ஐபோனின் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பு) முதலே அதனுள் இருக்கின்றன. எதையும் தனியாக நிறுவத் தேவையில்லை. ஆயினும் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழைப் பெற்றுப் பழகியவர்களுக்குக் கை தடுமாறும். அதைவிடப் பெரிய இழப்பு, பழைய விசைப்பலகை ஆண்டுக்கணக்கில் கற்றுவைத்திருந்த உங்கள் சொற்கள்: ஊர்ப்பெயர்கள், உறவினர் பெயர்கள், தொழிலுக்கே உரிய சொற்கள். அவை கூடவே வருவதில்லை. ‘பட்டி’ என்று அடித்ததும் பழைய விசைப்பலகை அண்ணிக்கு ‘பட்டிக்கை’ என்று எடுத்துக் கொடுக்கும். புதியது அதைக் கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் ஆயின.

சிறிய உரசல்களும் உண்டு. 2017 முதல் ஐபோன் படங்களை எச்ஈஐசி என்ற வடிவில் சேமிக்கிறது. இடத்தைச் சேமிக்கும் வடிவம்தான் என்றாலும், ஜேபெக் மட்டும் ஏற்கும் இணைய விண்ணப்பத்தில் அதைப் பதிவேற்ற முடியாது. பழைய கணினி உள்ள பிரவுசிங் சென்டரிலும் திறக்காமல் போகலாம். கேமரா அமைப்புகளில் வடிவத்தை மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை நீங்கும். அழைப்பைப் பதிவுசெய்யும் வசதி 2024-இல் ஐஓஎஸ் 18.1-உடன் வந்தது; பதிவாகிறது என்ற அறிவிப்பு எதிர்முனைக்கும் கேட்கும்.

யாருக்கு இந்த மாற்றம் ஏற்றது? ஒரே கைப்பேசியை ஐந்தாறு ஆண்டுகள் வைத்திருக்கும் பழக்கம் உள்ளவர்கள், ஏற்கெனவே மேக் கணினியில் வேலை செய்பவர்கள், அமைப்புகளைத் தோண்டிப் பார்க்க விருப்பமில்லாதவர்கள், பிற செயலிகள் தம்மைப் பின்தொடர்வதைக் கட்டுப்படுத்த விரும்புபவர்கள் ஆகியோருக்கு இது நல்ல தேர்வு. 2021-இல் வந்த ஐஓஎஸ் 14.5 முதல், மற்ற நிறுவனங்களின் செயலிகளிலும் இணையத்தளங்களிலும் உங்களைத் தொடர ஒரு செயலி விரும்பினால் முதலில் உங்களிடம் கேட்டாக வேண்டும்.

## ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு

இந்தத் திசையில் வாட்ஸ்அப் வழி 2021-லேயே திறந்தது, முதலில் சாம்சங் கைப்பேசிகளுக்கு. இரண்டு கருவிகளையும் கேபிளால் இணைத்து, புதியதை முதன்முறை அமைக்கும்போதே செய்துவிடுவதுதான் பாதுகாப்பானது. ஐபோன் 14-உம் அதற்கு முந்தியதுமாக இருந்தால் ஒரு முனையில் லைட்னிங், மறுமுனையில் யுஎஸ்பி-சி உள்ள கேபிள் வேண்டும். ஐபோன் 15 முதல் இரண்டு முனையிலும் யுஎஸ்பி-சி போதும்.

புறப்படும் முன் செய்தே ஆக வேண்டிய ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஐபோன்களுக்கு இடையே இணையம் வழியாகச் செய்தி அனுப்பும் ஆப்பிளின் ஐமெசேஜ் சேவையை ஐபோனில் அணைத்துவிட்டுத்தான் சிம்மைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால், உங்கள் எண் இன்னும் ஐபோனில்தான் இருக்கிறது என்று நினைத்து, பிற ஐபோன்களிலிருந்து உங்களுக்கு அனுப்பப்படும் செய்திகள் ஆப்பிளின் வழியிலேயே போய் உங்கள் கைக்கு வராமல் நின்றுவிடக்கூடும். கைப்பேசியை ஏற்கெனவே விற்றுவிட்டவர்கள் ஆப்பிளின் இணையப் பக்கத்தில் எண்ணைக் கொடுத்துப் பதிவை நீக்கலாம். நம் ஊரில் வாட்ஸ்அப்பே புழங்குவதால் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் தெரியும்.

படங்களுக்கு நல்ல வழி இருக்கிறது. ஐகிளவுடில் உள்ள படங்களைக் கூகுள் போட்டோஸுக்கு நேரடியாக அனுப்பும் சேவையை ஆப்பிள் 2021-இல் தொடங்கியது. சில நாள்கள் ஆகும், ஆனால் நாம் எதையும் தரவிறக்க வேண்டியதில்லை. மறுதிசையில், கூகுளிலிருந்து ஐகிளவுடுக்கு அனுப்பும் வழி 2024-இல் வந்தது. இரண்டிலும், போய்ச் சேரும் இடத்தில் போதிய சேமிப்பு இருக்க வேண்டும். கூகுள் தரும் 15 ஜிபி மின்னஞ்சலுக்கும் கோப்புகளுக்கும் படங்களுக்கும் பொதுவானது. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் காப்புப்பிரதியும் இப்போது அதே கணக்கில்தான் சேர்கிறது.

சிக்குவது வேறிடத்தில். ஆப்பிள் நோட்ஸில் எழுதிக் குவித்தவர்களுக்கு ஆண்ட்ராய்டில் அந்தச் செயலியே கிடையாது. உலாவி வழியே ஐகிளவுடில் பார்க்கலாம், அவ்வளவுதான். ஆப்பிளின் கடவுச்சொல் பெட்டகத்துக்கும் ஆண்ட்ராய்டு வடிவம் இல்லை. அருகில் இருப்பவருக்குக் கோப்பு அனுப்பும் ஏர்டிராப் பழக்கமும், காணொளி அழைப்புக்கான பேஸ்டைம் பழக்கமும் பெரும்பாலும் விடைபெறும். பேஸ்டைம் அழைப்பில் சேர மற்றவர் ஓர் இணைப்பை அனுப்பினால் உலாவி வழியே கலந்துகொள்ளலாம்.

இந்த மாற்றத்தால் கிடைப்பவையும் கனமானவை. கணினியில் செருகினால் கோப்புறைகள் திறந்துகொள்கின்றன. ஜெராக்ஸ் கடையில் ஒரு பிடிஎப் கோப்பை எடுத்துக் கொடுப்பது எளிது. குறைந்த விலைக் கைப்பேசிகள் சிலவற்றில் நினைவக அட்டைக்கு இடம் இருக்கிறது. ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்தும், எப்-டிராய்டு போன்ற திறமூலக் களஞ்சியங்களிலிருந்தும் செயலிகளை நிறுவலாம். செயலி வெளியிட ஆப்பிள் ஆண்டுக்கு 99 டாலர் கேட்கிறது. கூகுள் ஒருமுறை 25 டாலரோடு நிறுத்திக்கொள்கிறது. தனிமனிதர்கள் ஆர்வத்தால் செய்து இலவசமாகத் தரும் சிறு தமிழ்ச் செயலிகள் பல ஆண்ட்ராய்டில் மட்டும் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பேசி எழுதுபவர்களுக்கு, 2017 முதல் தமிழை ஏற்கும் கூகுளின் குரல் தட்டச்சு பெரிய துணை.

ஆண்ட்ராய்டு என்பது ஒரே பொருள் அன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதே மென்பொருளை ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் மாற்றுகிறது. சிலவற்றில் கேட்காத செயலிகளும் விளம்பர அறிவிப்புகளும் முதல் நாளே நிறைந்திருக்கும். சிலவற்றில் மின்கலத்தைச் சேமிக்கிறேன் என்று பின்னணியில் இயங்கும் செயலிகளை நிறுத்தி, வாட்ஸ்அப் அறிவிப்பையே தாமதப்படுத்தும். தளத்தை முடிவு செய்த பிறகும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை மிச்சம் இருக்கிறது.

பல கோப்புகளைக் கையாளும் தொழில் செய்பவர்கள், இரண்டு சிம் அட்டைகளையும் அட்டையாகவே வைத்துக்கொள்ள வேண்டியவர்கள், இருபதாயிரம் ரூபாய்க்குள் நல்ல கைப்பேசி தேடுபவர்கள் ஆகியோருக்கு ஆண்ட்ராய்டே பொருத்தம்.

## இருக்கும் தளத்திலேயே இருப்பது

பழைய கைப்பேசி மெதுவாகிவிட்டது, மின்கலம் நிற்பதில்லை என்பவை மட்டுமே காரணம் என்றால், தளம் மாறத் தேவையில்லை. மின்கலத்தை மாற்றி, நிரம்பி வழியும் நினைவகத்தைக் காலிசெய்து ஒரு மாதம் பாருங்கள். பெற்றோருக்கு வாங்கும்போது இன்னும் எச்சரிக்கை தேவை. அம்மாவுக்கு எது எளிது என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது, ஏதாவது சிக்கல் என்றால் அம்மா யாரை அழைப்பாரோ அவர் கையில் இருக்கும் தளம்தான் எளிது. ‘கீழே இடப்பக்கம் பச்சையாக ஒன்று தெரிகிறதா, அதை அழுத்துங்கள்’ என்று தொலைவிலிருந்து சொல்பவருக்குத் தன் கையிலும் அதே திரை இருக்க வேண்டும்.

## ஆறு ஆண்டுக் கணக்கு

‘ஐபோன் விலை கூடுதல்தான், ஆனால் நீண்டகாலத்தில் மலிவு’ என்பதை அடிக்கடி கேட்கிறோம். போட்டுப் பார்ப்போம். 80,000 ரூபாய்க்கு வாங்கிய ஐபோனை ஆறு ஆண்டுகள் வைத்திருந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 13,300 ரூபாய். 5 ஜிபி பலருக்குச் சில மாதங்களில் நிறைந்துவிடும். மாதம் 75 ரூபாய்க்கு 50 ஜிபி எடுத்தால் ஆறு ஆண்டுகளில் 5,400 ரூபாய் சேரும். இடையில் ஒருமுறை மின்கல மாற்றம். முடிவில் விற்றால் ஒரு தொகை திரும்பும். மறுபக்கம், 20,000 ரூபாய்க்கு ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசியை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றினால் ஆண்டுக்கு 6,700 ரூபாய்கூட ஆகாது. மறுவிற்பனையைக் கழித்த பிறகும் மலிவு எந்தப் பக்கம் என்பதில் ஐயமில்லை. ‘நீண்டகாலத்தில் மலிவு’ என்ற கூற்று, அதே எண்பதாயிரம் ரூபாய்க்கு விற்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியோடு ஒப்பிடும்போது மட்டுமே பேசத் தகுந்தது. அங்கே ஐபோனின் மறுவிற்பனை மதிப்பு அதற்குக் கைகொடுக்கிறது.

புதுப்பிப்பில் இருந்த பெரும் வேறுபாடும் குறைந்துவிட்டது. 2019-இல் வந்த ஐபோன் 11, 2025-இல் வந்த ஐஓஎஸ் 26-ஐயும் பெற்றது. கூகுள் பிக்சல் 8 வரிசைக்கும் சாம்சங் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் ஏழு ஆண்டுப் புதுப்பிப்பு உறுதியளிக்கப்பட்டது. ஆனால் அதே நிறுவனத்தின் மலிவு வகைக்கும் அந்த உறுதி உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. வங்கிச் செயலிகள் பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாகக் கைவிடுவதால், பெட்டியில் உள்ள ஜிபி எண்ணிக்கையைவிட, எத்தனை ஆண்டுகள் என்ற எண்ணைக் கேட்டு வாங்குவது முக்கியம்.

## இரு கரையிலும் வாழும் செயலிகள்

மைக்ரோசாப்டின் விண்டோஸ் போன் வைத்திருந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். வேகமான, அழகான தளம் அது. செயலிகள் வராததால் மக்கள் வரவில்லை, மக்கள் வராததால் செயலிகள் வரவில்லை. 2019 டிசம்பர் இறுதியோடு வாட்ஸ்அப்பும் அதைக் கைவிட்டது. தளம் என்றும் நிலைக்கும் என்று நம்பி அதன் சொந்தச் செயலிகளில் எல்லாவற்றையும் வைத்தவர்களுக்கு அது கடினமான வெளியேற்றமாக இருந்தது.

ஆகவே, விருப்பச் செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் மூன்று கேள்விகள் கேட்கிறேன். இரண்டு தளங்களிலும் இருக்கிறதா? உள்ளே வைத்ததைப் பொதுவான கோப்பு வடிவில் வெளியே எடுக்க முடியுமா? பணம் கட்ட வேண்டுமென்றால், அந்த நிறுவனத்தின் இணையத்தளத்திலேயே கட்ட முடியுமா? மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. ஆப்பிள் வழியாகவோ கூகுள் வழியாகவோ எடுத்த சந்தாவை அங்கேயே போய்த்தான் நிறுத்த வேண்டும். கைப்பேசியை மாற்றினாலும், செயலியை நீக்கினாலும் மாதந்தோறும் பணம் போய்க்கொண்டிருக்கும். செயலிக் கடை நடத்தும் ஆப்பிள் அல்லது கூகுளின் பங்கு சேர்வதால், ஒரே சேவைக்குச் செயலிக்குள் விலை கூடுதலாக இருப்பதும் உண்டு.

இந்த அளவில் பார்த்தால், தமிழ் விசைப்பலகைக்குச் செல்லினம் நல்ல தேர்வு. இரண்டு தளங்களிலும் கிடைக்கிறது, அஞ்சலும் தமிழ்99-உம் ஒரே அமைப்பில் இருப்பதால் கை பழக்கம் மாறுவதில்லை. கடவுச்சொற்களுக்குப் பிட்வார்டன். படங்களுக்குக் கூகுள் போட்டோஸ். குறுங்குறிப்புகளுக்குக் கூகுள் கீப், நீளமானவற்றுக்கு ஜாப்ளின் அல்லது ஆப்சிடியன். பின்னவை இரண்டும் எளிய உரைக் கோப்புகளாகவே வெளியே வருவதால் நான் இவற்றையே விரும்புகிறேன். ஒலியோடைக்கு (பாட்காஸ்ட்) பாக்கெட் காஸ்ட்ஸ், காணொளிக் கோப்புகளுக்கு விஎல்சி. கிண்டிலில் 2016 இறுதியிலிருந்து தமிழ் நூல்கள் கிடைக்கின்றன; வாங்கியவை எந்தத் தளத்திலும் திறக்கும். உலாவியாகப் பயர்பாக்ஸ் இரண்டிலும் இருந்தாலும், விளம்பரம் தடுக்கும் நீட்சிகளைச் சேர்த்துக்கொள்ளும் வசதி ஆண்ட்ராய்டுப் பதிப்பில்தான் இருக்கிறது.

தளத்தை மாற்றும் எண்ணம் இருப்பவர்கள், இந்தச் செயலிகளுக்குப் பழைய கைப்பேசியிலேயே முதலில் குடிபெயர்ந்து, ஓரிரு மாதங்கள் பழகிவிட்டு, அதன் பிறகு புதிய கைப்பேசி வாங்கினால் வலி பாதியாகக் குறையும். அண்ணியின் அளவுகள் இப்போது ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குறிப்பாகக் கூகுள் கீப்பில் இருக்கின்றன. உட்கார்ந்து மாற்றியெழுத நான்கு மாலைகள் ஆயின.

## மாறும் நாளில்

விடுமுறை நாளின் காலையைத் தேர்ந்தெடுங்கள், கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வாட்ஸ்அப்; அது வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே மற்றவை. அடுத்து, இருபடிச் சரிபார்ப்புக் குறியீடு தரும் செயலி: கூகுள் ஆதென்டிகேட்டர் பயன்படுத்துபவர்கள் பழைய கைப்பேசியில் கணக்குகளை ஏற்றுமதி செய்தால் ஒரு க்யூஆர் குறியீடு வரும், அதைப் புதியதில் படிக்க வைக்க வேண்டும். பிறகு யுபிஐ, வங்கிச் செயலிகள். அரசு ஆவணங்களை வைத்திருக்கும், வங்கிக்கு நிகராக மதிக்க வேண்டிய டிஜிலாக்கர் செயலி இரண்டு தளங்களிலும் இருப்பதால் கைப்பேசி எண்ணும் கடவு எண்ணும் (பின்) போதும்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றினாலும், பழைய கைப்பேசியை உடனே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். அழிக்காமல், சார்ஜ் போட்டு, ஒரு மாதம் அலமாரியில் வையுங்கள். எக்ஸ்சேஞ்சில் கிடைக்கும் தள்ளுபடிக்காகவே அவசரப்படுகிறோம். ஆனால் மாதக் கடைசியில் ஏதோ ஒரு காப்பீட்டுச் செயலியோ அலுவலகக் கணக்கோ பழைய கருவியிலிருந்து ஒப்புதல் கேட்கும்போது, அந்தத் தள்ளுபடியால் எந்தப் பயனும் இருக்காது.